காக்கியும் உயிர்காப்பும்: தற்கொலைத் தடுப்பில் காவலர் பயிற்சி எதுவரை உதவும்?

தற்கொலையைத் தடுக்கக் காவலருக்குப் பயிற்சி தர வேண்டுமா என்று கேட்டால் இன்று வேண்டாம் என்பவர் அரிது. எந்தப் பயிற்சி, யாரைக் காக்க, எவ்வளவு பலன் தரும் என்று கேட்கும்போதுதான் விடைகள் பிரிகின்றன. கடந்த அரை நூற்றாண்டில் நியூயார்க், மெம்பிஸ், மான்ட்ரியல், சென்னை என ஒவ்வோர் ஊரும் தனக்குத் தெரிந்த விடையைச் சொல்லிப் பார்த்திருக்கிறது. ஒரு சாரார் காவலரை மீட்பவராகக் கண்டார்கள். மறுசாராருக்கு அவரே ஆபத்தில் இருப்பவராகத் தெரிந்தார். இரண்டு ஆய்வு மரபுகளும் பெரும்பாலும் தனித்தனியே வளர்ந்தவை. அவற்றைச் சேர்த்து வாசித்தால் தமிழ்நாட்டுக்குத் தேவையான விடை சற்று வேறாகத் தெரிகிறது என்பது இக்கட்டுரையின் பார்வை.

இந்தியாவில் இக்கேள்விக்குத் தனி அவசரம் உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தனர். தமிழ்நாட்டில் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். இந்த எண்களில் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காவல் நிலையத்தின் பதிவேட்டில் தொடங்கியது. பிழைத்தவர்களில் பலரிடமும் மருத்துவமனைக் கட்டிலருகே வந்து வாக்குமூலம் வாங்கியவர் ஒரு காவலர்தான். இறந்தவரின் குடும்பத்தோடு முதலில் பேசும் அரசு ஊழியரும் பெரும்பாலும் அவரே. அந்த வேலைக்கு அவர் எவ்வளவு தயாராக இருக்கிறார்?

வழக்குப் போட்டவர் துணைக்கு வருவாரா

முதல் விடை சட்டத்திலிருந்து வந்தது. 1860-இன் இந்திய தண்டனைச் சட்டம் 309-ஆம் பிரிவில் தற்கொலை முயற்சிக்கு ஓராண்டு வரை சிறை வைத்தது. தண்டனை அச்சம் உயிரைக் காக்கும் என்பது அதன் பின்னிருந்த நம்பிக்கை. இந்த ஏற்பாட்டில் காவலரின் வேலை வழக்குப் பதிவது மட்டும். தடுப்புப் பயிற்சி என்ற பேச்சுக்கே இடமில்லை.

இங்கிலாந்து 1961-இலும் இலங்கை 1998-இலும் இந்தக் குற்றத்தைச் சட்டத்திலிருந்து நீக்கின. இந்தியாவில் பாதை வளைந்து வளைந்து சென்றது. சட்ட ஆணையம் 1971-இலேயே நீக்கச் சொன்னது. ரத்தினம் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் அப்பிரிவை ரத்து செய்தது. கியான் கவுர் வழக்கில் 1996-இல் அதே நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 2008-இல் சட்ட ஆணையம் மறுபடியும் நீக்கப் பரிந்துரைத்தது. கடைசியில் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 115-ஆம் பிரிவின் வழியே ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. மாறாக நிரூபிக்கப்படாதவரை, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது, அவருக்குப் பராமரிப்பு தருவது அரசின் கடமை என்று அது சொன்னது. சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலையில் அமலான பாரதிய நியாய சன்ஹிதா பழைய 309-ஐக் கைவிட்டது. ஆயினும் அரசு ஊழியரைப் பணிய வைக்கும் நோக்கில் செய்யப்படும் முயற்சியை 226-ஆம் பிரிவில் குற்றமாகவே வைத்திருக்கிறது. ஆட்சியர் அலுவலக வாசலில் மனுவோடு நிற்பவரின் துயரம் எந்தப் பிரிவில் விழும் என்பதை முதலில் முடிவுசெய்பவர் அங்கே பந்தோபஸ்தில் நிற்கும் காவலர்.

அச்சம் காக்கும் என்ற வாதத்துக்கு ஆதரவான சான்று வலுவாக இல்லை. அதன் கேடு மட்டும் தெளிவாகத் தெரிகிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து குடும்பங்கள் உண்மையை மறைத்தன. ‘தீராத வயிற்றுவலி’ என்ற தொடர் நம் புகார் மனுக்களிலும் நாளிதழ்ச் செய்திகளிலும் நிலைத்துப்போனது. மறைத்ததால் சிகிச்சையும் தள்ளிப்போனது.

மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத பிரிவுகள் இரண்டு. காவல்துறையினர் உள்ளிட்ட அரசு ஊழியருக்கு அவ்வப்போது விழிப்புணர்வுப் பயிற்சி தருவது அரசின் கடமை என்கிறது 30-ஆம் பிரிவு. மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவரை நிலையப் பொறுப்பு அலுவலர் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்க வேண்டும், லாக்கப்பில் வைக்கவே கூடாது என்கிறது 100-ஆம் பிரிவு. ஆக, பயிற்சி என்பது சட்டம் கட்டளையிட்டுள்ள கடமை. ஆனால் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் குற்றமாகப் பார்த்துப் பழகிய கண் ஒரு சட்டத் திருத்தத்தால் மாறிவிடாது. எந்தப் பயிற்சியும் முதலில் மோத வேண்டியது அந்தப் பழக்கத்தோடுதான்.

பேசி மீட்கும் மரபு

இரண்டாவது விடை அமெரிக்கக் காவல்துறையிலிருந்து வந்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக் படுகொலைக்குப் பின், 1973-இல் நியூயார்க் காவல்துறை பணயக்கைதிப் பேச்சுவார்த்தைக் குழுவை அமைத்தது. அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஹார்வி ஷ்லாஸ்பெர்க் காவலராகவும் உளவியலாளராகவும் இருந்தவர். அவசரப்படாதே, நேரத்தை இழு, கேள், பிறகு பேசு என்ற அந்த முறை விரைவிலேயே, பணயக்கைதி எவரும் இல்லாமல் தன்னையே அழித்துக்கொள்ள நிற்பவர்களிடமும் பயன்பட்டது.

இந்த மரபுக்கு அடித்தளமான ஆய்வு ரிச்சர்ட் சைடனுடையது. கோல்டன் கேட் பாலத்தில் 1937 முதல் 1971 வரை தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரை அவர் தொடர்ந்து கவனித்து 1978-இல் முடிவை வெளியிட்டார். சுமார் 94 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தனர், அல்லது இயற்கையாக இறந்திருந்தனர். ‘சாக நினைத்தவரை யாராலும் தடுக்க முடியாது, இங்கில்லாவிட்டால் வேறெங்காவது’ என்று நம் காவல் நிலையங்களிலும் கேட்கும் வாசகத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு கிடைப்பது கடினம். நெருக்கடி என்பது கடந்துபோகும் நேரம். அந்த நேரத்தில் அருகில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதற்குப் பொருள் உண்டு.

மெம்பிஸ் நகரின் கதை இன்னும் வேதனையானது. 1987-இல் தன்னையே காயப்படுத்திக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரைக் காவலர்கள் சுட்டுக்கொன்றனர். ஊர் கொதித்தது. அடுத்த ஆண்டே காவல்துறையும் பல்கலைக்கழகங்களும் மனநோயாளிகளின் குடும்பங்களும் சேர்ந்து நெருக்கடி இடையீட்டுக் குழுவை உருவாக்கின. விரும்பி முன்வரும் காவலருக்கு 40 மணி நேரப் பயிற்சி. மனநல அழைப்பு வந்தால் அவர்களே போவார்கள். இன்று அமெரிக்காவின் பல நூறு ஊர்களில் இந்த மாதிரி இருக்கிறது.

இதன் பலவீனங்களையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. பயிற்சிக்குப் பின் காவலரின் அறிவும் மனப்பான்மையும் தன்னம்பிக்கையும் மேம்படுகின்றன என்பது பலமுறை உறுதியானது. கைதுகளும் பலப்பிரயோகமும் குறைந்தனவா என்று 2016-இல் வந்த தொகுப்பாய்வு பார்த்தபோது தெளிவான குறைவு தென்படவில்லை. விரும்பி வந்தவர்கள் இயல்பிலேயே பரிவு மிக்கவர்களாக இருந்திருக்கலாம். அந்த விளைவைப் பயிற்சியின் விளைவிலிருந்து பிரிப்பது எளிதல்ல. தற்கொலை மரணங்கள் குறைந்தனவா என்பதோ அரிதாகவே அளக்கப்பட்டது. மெம்பிஸில் பயிற்சியைவிட முக்கியமாக இருந்தது இன்னொன்று என்றே தோன்றுகிறது: காவலர் அழைத்துவருபவரைக் காத்திருக்க வைக்காமல் உடனே ஏற்றுக்கொள்ளும் மனநல அவசரப் பிரிவு. இம்மாதிரியை நகலெடுத்த பல ஊர்கள் 40 மணி நேரத்தை எடுத்துக்கொண்டு அந்தக் கதவை விட்டுவிட்டன.

வாயிற்காப்போர்

மூன்றாவது விடை எளிமையானது. ஆசிரியர், மதகுரு, காவலர் என அன்றாடம் பலரைச் சந்திப்போருக்கு அறிகுறிகளைக் கவனிக்கவும், நேராகக் கேட்கவும், உரியவரிடம் சேர்க்கவும் கற்றுத்தந்து அவர்களை வாயிற்காப்போர் ஆக்குவது. கனடாவின் கால்கரியில் 1983-இல் தொடங்கிய லிவிங்வொர்க்ஸ் அமைப்பின் இரண்டு நாள் பட்டறை இதில் புகழ்பெற்றது. ‘தற்கொலை எண்ணம் வருகிறதா?’ என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பழைய அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதரவு இல்லை என்பதை இம்மரபு பரப்பியது. அது பெரிய கொடை. ஆனால் கற்றது மாதங்களில் மங்குகிறது. நடித்துப் பழகாத பயிற்சி இன்னும் சீக்கிரம் மங்குகிறது. சேர்ப்பதற்கு இடமில்லாத ஊரில் கேட்கத் தெரிந்து மட்டும் என்ன செய்வது?

சீருடைக்குள் இருக்கும் ஆபத்து

இனி மறுபக்கம். சீருடைப் பணிக்கும் தற்கொலைக்கும் தொடர்பு உண்டா என்பது 1897-இல் எமில் துர்கைம் எழுப்பிய கேள்வி. படைவீரர்களிடையே தற்கொலை பொதுமக்களைவிட மிகுதி என்று அவர் காட்டினார். தன்னைக் குழுவுக்குள் கரைத்துக்கொள்ளும் ஒழுங்கே அதன் காரணம் என்றார். காவலரைப் பற்றிய விவாதம் நூறாண்டு கழித்துச் சூடுபிடித்தது. நியூயார்க் மாநிலக் காவல்துறையில் பணியாற்றிய ஜான் வயலாண்டி காவலர் தற்கொலையை நீலச் சீருடைக்குள் பரவும் கொள்ளைநோய் என்றே வருணித்தார். மறுப்பும் வந்தது. நியூயார்க் நகரக் காவலர்களின் 1977 முதல் 1996 வரையிலான மரணங்களை ஆராய்ந்த பீட்டர் மர்சுக் குழு, அவர்களின் விகிதம் லட்சத்துக்கு 14.9, நகர மக்களின் விகிதம் 18.3 என்று கண்டது. அப்படியானால் ஆபத்து இல்லையா? அவசரப்படக் கூடாது. உடல், மனத் தகுதி பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டு, நிலையான சம்பளம் வாங்குவோரின் விகிதம் பொதுமக்களைவிட மிகவும் தாழ்வாக இருக்க வேண்டும்; கிட்டத்தட்டச் சமமாக இருப்பதே கவலைக்குரியது என்ற பதில் நியாயமானது. அதே நியூயார்க்கில் 2019-இல் பத்துக் காவலர்கள் தற்கொலையால் இறந்தனர். காவல் ஆணையர் அதை மனநல நெருக்கடி என்று அறிவித்தார்.

விகிதம் கூடுதலா குறைவா என்ற வாதத்தில் பல பத்தாண்டுகள் கழிந்தது வருத்தத்துக்குரியது. குறைக்க முடியுமா என்ற கேள்விக்கு அவ்வளவு உழைப்பு செல்லவில்லை. அந்த உழைப்பைக் கொடுத்த ஊர் மான்ட்ரியல்.

மான்ட்ரியல் காட்டியதும் காட்டாததும்

சுமார் 4,000 பேர் கொண்ட மான்ட்ரியல் காவல்துறை 1997-இல் ‘வாழ்வுக்காக ஒன்றாக’ என்ற பொருள்படும் திட்டத்தைத் தொடங்கியது. எல்லாக் காவலருக்கும் அரைநாள் பயிற்சி. மேலதிகாரிகளுக்கும் சங்கப் பிரதிநிதிகளுக்கும் முழுநாள் பயிற்சி. காவலர்களே நடத்தும் ரகசியத் தொலைபேசி உதவி. உதவி கேட்பது இழுக்கல்ல என்ற தொடர் பிரசாரம். பிரையன் மிஷாராவும் நோர்மான் மார்தேனும் 2012-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, லட்சத்துக்கு 30.5 ஆக இருந்த விகிதம் அடுத்த 12 ஆண்டுகளில் 6.4 ஆனது. கியூபெக்கின் பிற காவல்படைகளில் அது 26-இலிருந்து 29 ஆனது.

இவ்வளவு தெளிவான பலனைக் காட்டும் ஆய்வுகள் இத்துறையில் அதிகம் இல்லை. அதனாலேயே நிதானமாகப் படிக்க வேண்டியது. 4,000 பேரில் 30.5 என்ற பழைய விகிதம் என்பது ஆண்டுக்கு ஒரு மரணம் சொச்சம். சிறிய எண்கள் தற்செயலாகவும் ஏறி இறங்கும். சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஒப்பீட்டுக் குழு இல்லை. நான்கு அங்கங்களில் எது வேலை செய்தது என்றும் தெரியாது. எனினும், அதே போன்ற கூட்டு முயற்சியை 1996 முதல் மேற்கொண்ட அமெரிக்க விமானப்படையில் தற்கொலை அபாயம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2003-இல் வந்த ஆய்வு சொல்கிறது. அவசரச் சேவைகளிலும் பாதுகாப்புப் பணிகளிலும் நடந்த திட்டங்களைத் தொகுத்துப் பார்த்த 2017-இன் ஆய்வும் சராசரியாகப் பாதியளவு குறைவைக் கண்டது. ஆய்வுகள் சில, தரம் ஏற்றத்தாழ்வானது என்ற எச்சரிக்கையோடுதான் அது அப்படிச் சொன்னது.

இவற்றில் பொதுவாகத் தெரிவது, வகுப்பறைப் பயிற்சி தனியாக நிற்கவில்லை என்பது. மான்ட்ரியலில் மேலதிகாரியும் சங்கமும் அதே பாடத்தைக் கற்றனர். உதவி கேட்டவரின் பதவி உயர்வு பாதிக்கப்படாது என்ற உறுதி விமானப்படையிலும் மான்ட்ரியலிலும் முயன்று உருவாக்கப்பட்டது.

ஆயுதத்தைத் தள்ளிவைப்பவர்களும் காவலரையே தள்ளிவைப்பவர்களும்

பயிற்சியை நம்பாத இரண்டு கருத்துகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, வழியை அடைப்பதே தடுப்பு என்பது. வார இறுதியில் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுச் செல்ல வேண்டும் என்று இஸ்ரேல் ராணுவம் 2006-இல் ஆணையிட்ட பின் தற்கொலைகள் சுமார் 40 விழுக்காடு குறைந்தன. கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்த இலங்கையில் ஒட்டுமொத்த விகிதமே 1990-களின் உச்சத்திலிருந்து 70 விழுக்காடு அளவுக்கு இறங்கியது. ஒரு நாடு முழுவதற்கும் என்ற அளவில் எந்தப் பயிற்சித் திட்டமும் இதற்கு அருகில் வரவில்லை. ஆனால் தமிழ்நாட்டுக் காவலர் பெரும்பாலோர் துப்பாக்கியை வீட்டுக்கு எடுத்துச் செல்வதில்லை. அமெரிக்க ஆய்வுகளின் மையமான ஆயுதப் பிரச்சினை இங்கே அப்படியே பொருந்தாது.

இரண்டாவது, மனநல நெருக்கடிக்குக் காவலர் போகவே கூடாது என்பது. இங்கிலாந்தின் ஹம்பர்சைடு காவல்துறை 2020-இல் தொடங்கி, லண்டன் 2023-இல் பின்பற்றிய ‘சரியான பராமரிப்பு, சரியான நபர்’ கொள்கை, உயிராபத்தோ குற்றமோ இல்லாத அழைப்புகளைச் சுகாதாரத் துறைக்குத் திருப்புகிறது. சீருடை கண்டு மிரள்பவரை நினைத்தால் இதில் நியாயம் உண்டு. திருப்பிவிட்ட இடத்தில் ஆள் இருந்தால்தான் அது பராமரிப்பு. நள்ளிரவில் ஒரு கிராமத்துக்கு 108 வண்டியும் ரோந்து ஜீப்பும் தவிர வேறெதுவும் வராத நம் ஊரில் காவலரைத் தள்ளிவைப்பது நடக்கக்கூடியதாகத் தெரியவில்லை.

தமிழ்நாட்டுக் காவலர் எங்கே சந்திக்கிறார்

வெளிநாட்டு ஆய்வுகளின் கண் பாலத்தின் விளிம்பில் இருக்கிறது. தமிழ்நாட்டில் காவலர் தற்கொலையைச் சந்திக்கும் வழக்கமான இடங்கள் வேறு. ஒன்று, அரசு மருத்துவமனை வார்டு. அங்கிருந்து நிலையத்துக்குத் தகவல் வரும். ஏட்டு ஒருவர் போய் வாக்குமூலம் எழுதுவார். உயிர் பிழைத்துக் கூனிக் குறுகிக் கிடக்கும் பெண்ணிடம், உறவினர் சுற்றி நிற்க, ‘ஏம்மா இப்படிப் பண்ணே?’ என்று அதட்டிக் கேட்பதற்கும், திரையை இழுத்துவிட்டு, உட்கார்ந்து, ‘இப்போ எப்படிம்மா இருக்கு?’ என்று தொடங்குவதற்கும் நேரம் ஒன்றுதான் ஆகும். ஒருமுறை முயன்றவர்களுக்கே மறுமுறை அபாயம் மிகுதி என்பதால் அந்தக் கட்டிலருகு ஒரு தடுப்பு மையம். அதைப் பயிற்சித் திட்டங்கள் கவனிப்பது குறைவு.

மற்றொன்று, பிரேத விசாரணை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174-ஆம் பிரிவு, இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194. பறிகொடுத்த வீட்டில் விசாரிப்பவரின் சொல் அந்தக் குடும்பத்தோடு நெடுநாள் இருக்கும். தற்கொலையில் ஒருவரை இழந்தவர்களின் அபாயமும் கூடுகிறது. இறப்புக்குப் பிந்தைய துணையும் தடுப்பே என்று எட்வின் ஷ்னைட்மன் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வலியுறுத்தினார். அதே விசாரணையில்தான் ‘குடும்பப் பிரச்சினை’, ‘காதல் தோல்வி’ என்று ஒற்றைக் காரணம் எழுதப்படுகிறது. அதுவே தேசியப் புள்ளிவிவரமாகிறது, செய்தியாளர் கைக்கும் போகிறது. இந்தப் பதிவு முழுமையானதும் அல்ல. லான்செட் இதழில் 2012-இல் வந்த ஆய்வு, 2010-இல் இந்தியாவில் சுமார் 1,87,000 தற்கொலை மரணங்கள் நேர்ந்ததாக மதிப்பிட்டது. காவல்துறைக் கணக்கு அந்த ஆண்டுக்குச் சுமார் 1,34,600.

இந்த வேலையைச் செய்பவரின் நிலை என்ன? காமன் காஸ் அமைப்பும் லோக்நீதியும் 2019-இல் வெளியிட்ட நாடு தழுவிய அறிக்கையில் காவலரின் சராசரி வேலைநேரம் நாளுக்கு 14 மணி. பாதிப் பேருக்கு வார விடுமுறையே இல்லை. தமிழ்நாட்டில் காவலர் தற்கொலைகள் குறித்து 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் கவலையோடு கேள்வி எழுப்பியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் துணையோடு காவலருக்கும் குடும்பத்தினருக்கும் நலவாழ்வுப் பயிற்சி தொடங்கியது. 2021-இல் வார விடுமுறை ஆணை வந்தது. பந்தோபஸ்து என்ற ஒரு சொல்லில் அது கரைந்துபோகும் நாட்கள் இன்னும் உண்டு. 2023 ஜூலையில் கோவைச் சரக டி.ஐ.ஜி. தற்கொலையால் இறந்தபோது, இது கீழ்நிலைக் காவலரின் பிரச்சினை என்ற எண்ணம் உடைந்தது.

இரண்டு மரபுகளும் இங்கே ஒன்றுசேர்கின்றன. தன் துயரத்தைச் சொன்னால் மெமோ வருமோ என்று அஞ்சுபவர், பிறர் துயரத்தைக் கேட்க எவ்வளவு இடம் வைத்திருப்பார்? சோர்வை மறைத்துப் பழகிய துறையில் பரிவைப் பாடமாக நடத்துவது கடினம். காவலரைக் காக்கும் பயிற்சியையும், காவலர் மூலம் மக்களைக் காக்கும் பயிற்சியையும் தனித்தனிக் கோப்புகளாக வைத்திருப்பது தவறு என்றே கருத வேண்டியிருக்கிறது.

இன்னும் தீராதவை

பயிற்சி அறிவை வளர்க்கிறது என்பது உறுதி. நிறுவனம் முழுவதும் மாறும்போது காவலர் தற்கொலை குறையக்கூடும் என்பதற்கு ஓரளவு நல்ல சான்று உண்டு. பயிற்சி பெற்ற காவலரால் பொதுமக்களின் தற்கொலை மரணங்கள் குறைகின்றனவா என்பது இன்னும் நிறுவப்படவில்லை. இந்தியச் சூழலில், காவல் நிலைய அளவில், மரணங்களையே அளவுகோலாக வைத்துச் செய்யும் ஆய்வு தேவை. பயிற்சியில் கலந்துகொண்டோர் எண்ணிக்கையை வெற்றியாகக் காட்டும் அறிக்கைகள் அந்த இடத்தை நிரப்பாது.

தொடங்குவதற்கு ஓர் இடம் கையருகே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் 1,867 பேரிடம் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வின் களங்களில் சென்னையும் ஒன்று. முயன்று பிழைத்தவரோடு மருத்துவமனையில் ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ ஒரு விசாரிப்பு, இவ்வளவுதான். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினர் பின்னர் தற்கொலையால் இறந்தனர். தொடர்பில் இருந்தவர்களில் 0.2 விழுக்காடு. அதைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். வாக்குமூலம் வாங்க வரும் ஏட்டு, எழுதி முடித்ததும் ஒப்புதல் கேட்டு அந்த நபரை அத்தகைய பணியாளரிடம் சேர்த்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை ஒரே ஒரு மாவட்டத்திலாவது முறையாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்குப் புதிய சட்டம் வேண்டாம். 2017-இன் சட்டமே போதும்.

இதை வாசிக்கும் எவருக்கேனும், சீருடையில் இருப்பவர் உட்பட, வாழ்வதே பாரமாகத் தோன்றினால் பேச ஆள் இருக்கிறார்கள்: டெலி மானஸ் 14416, தமிழ்நாடு அரசின் 104, சென்னை சினேகா 044-24640050.